32 நொடியில் அறுந்துபோகும் அழைப்புகள்

வணக்கம். உங்கள் கிளவுட் தொலைபேசி வாடிக்கையாளர்கள் பலருக்கும் அழைப்பு சரியாக 32 நொடியில் அறுந்துவிடுகிறது, புதிய ஊர்களுக்கு விரிவாக்கும் முன் கூடுதல் சர்வர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். அந்த 32 என்ற எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. எடுத்த அழைப்புக்கு மறுமுனையிலிருந்து ஒப்புகை வராவிட்டால், இணையவழி அழைப்புகளை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் சிப் (SIP) நெறிமுறை 500 மில்லிநொடியின் 64 மடங்கு பொறுத்திருந்து இணைப்பை வெட்டிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 32.

ஒப்புகையை வழிதவறச் செய்வது பெரும்பாலும் வாடிக்கையாளரின் ரவுட்டரில் இருக்கும் சிப் ஏஎல்ஜி (SIP ALG), அதாவது சிப் செய்திகளை இடைமறித்துத் திருத்தும் வசதி. உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவற்றில் உள்ள முகவரிகளை மாற்றிக் கெடுக்கும். ஒரு வீட்டில் அதை அணைத்துச் சோதியுங்கள். சரியானால், இனி நீங்கள் வழங்கும் ரவுட்டர்களை அணைத்தே அனுப்புங்கள். வாடிக்கையாளரின் சொந்த ரவுட்டர் என்றால் அந்தச் சிப் செய்திகளை டிஎல்எஸ் (TLS) என்ற மறையாக்கத்தில் அனுப்புங்கள். ஏஎல்ஜியால் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. புதிய ஊர்களுக்கு விரிவாக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.