பாலிஷ் ஸ்பிரிட்டும் வேண்டாம், பிராந்தியும் வேண்டாம்: வாசகர் கேள்வி பதில்

2020-இல் கொரோனா ஊரடங்கு போட்டதிலிருந்து நமக்கு வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளில் பாதி, கையில் தேய்க்கும் சானிடைசர் பற்றித்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை விட்டுவிட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக்கடை விடாமல் கேட்டுவிட்டேன், எங்கும் ஸ்டாக் இல்லை. கடைசியில் ஒரு கடையில் 100 மில்லி பாட்டிலுக்கு 180 ரூபாய் என்கிறார்கள். அவசரத்துக்கு வாங்கிவிடலாமா? (காரைக்குடி)

வாங்காதீர்கள். மார்ச் 13-ஆம் தேதியே மத்திய அரசு சானிடைசரையும் மாஸ்க்கையும் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டது. அடுத்த வாரமே விலையும் கட்டிவிட்டார்கள், 2020 ஜூன் 30 வரை 200 மில்லிக்கு 100 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று இருந்தது. அந்தக் கணக்கில் உங்கள் பாட்டில் 50 ரூபாய். பில் கேட்டுப் பாருங்கள், பாதிக் கடைகளில் விலை அங்கேயே இறங்கும்.

அதைவிட முக்கியமான கேள்வி, நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள், உங்களுக்கு சானிடைசர் எதற்கு? இந்த வைரஸைச் சுற்றி இருப்பது ஒரு கொழுப்பு உறை. மீன் குழம்புச் சட்டியின் எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு எப்படி எடுக்கிறதோ அப்படித்தான் இந்த உறையையும் உடைக்கிறது. 20 விநாடி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் தேய்த்தால் போதும். எந்த சோப்பு என்று கேட்டு இன்னொரு மெசேஜ் அனுப்பாதீர்கள். பத்து ரூபாய் சோப்பு போதும், துணி சோப்புகூட ஆகும், கை கொஞ்சம் வறளும் அவ்வளவுதான். குழாய் இல்லாத இடத்துக்குத்தான் சானிடைசர்: ரேஷன் வரிசை, பேங்க், ஏடிஎம்.

எங்கள் வீட்டுப் பர்மா தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் பாலிஷ் போட ஸ்பிரிட் வாங்கி வைத்திருந்தோம். ஆசாரி வர முடியாமல் வேலை நின்றுவிட்டது, அரை கேன் அப்படியே இருக்கிறது. கொல்லையில் சோற்றுக்கற்றாழையும் இருக்கிறது. இரண்டையும் கலந்து சானிடைசர் செய்யலாமா? (கானாடுகாத்தான்)

கேனை மூடி வையுங்கள் ஆச்சி, தூணுக்கே இருக்கட்டும். அரக்கைக் கரைக்க ஆசாரிகள் வாங்கும் ஸ்பிரிட்டை யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அதில் வேறு பொருள் கலந்து விற்கிறார்கள், பெரும்பாலும் மெத்தனால். அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், அளவு மீறினால் கண்ணையே பறிக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கையில் தேய்க்கிற சாமான் இல்லை அது. தின்னரும் அப்படித்தான்.

கற்றாழை விஷயம் வேறு. மருந்துக்கடையில் நல்ல ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே வாங்கி வந்தாலும் இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற குறிப்பில் ‘இரண்டு பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு கற்றாழை’ என்று இருக்கிறது இல்லையா, அது 99 சதவிகித ஆல்கஹாலுக்குச் சொன்ன கணக்கு, கலந்த பிறகு 66 நிற்கும். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 70 சதவிகிதம். அதில் கற்றாழையைக் கலந்தால் 47-க்கு இறங்கிவிடும். 60-க்குக் கீழே போனால் நம்பிப் பயன்படுத்த முடியாது. ஆக 70 கிடைத்தால் எதையும் கலக்காமல் அப்படியே தேய்த்துக் காயவிடுங்கள். கை வறண்டால் அப்புறம் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு செய்முறை கொடுத்திருப்பது உண்மைதான். 10 லிட்டருக்கு 96 சதவிகித எத்தனால் 8,333 மில்லி, 3 சதவிகித ஹைட்ரஜன் பெராக்சைடு 417, கிளிசரால் 145, மீதிக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர், கலந்து 72 மணி நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மருந்து தயாரிக்கத் தெரிந்தவர்கள் அளவு ஜாடி வைத்துச் செய்கிற வேலை, நம் அடுப்படிக் கரண்டிக் கணக்குக்கு வராது.

கடை மூடுவதற்கு முன் வாங்கிய பிராந்தி கொஞ்சம் இருக்கிறது. அதுவும் ஆல்கஹால்தானே? (தேவகோட்டை, ஊரைக்கூடப் போட வேண்டாம் என்றார், போட்டுவிட்டோம்)

பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள் தம்பி, 42.8 சதவிகிதம் என்று போட்டிருக்கும். கைக்குப் பிரயோசனம் இல்லை, பிசுபிசுப்புதான் மிஞ்சும். ‘குடித்தால் உள்ளே இருக்கும் கொரோனா சாகுமா’ என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில், சாகாது.

அரிசிக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் சானிடைசர் ஊற்றிக் கட்டுப்படியாகாது, வாசலில் குழாயும் இல்லை. கோடை வேறு, தண்ணீரைப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டியிருக்கிறது. (புதுவயல்)

ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றைக் கழுவி எடுங்கள். அடியிலிருந்து இரண்டு விரல்கடை மேலே, ஆணியைச் சுடவைத்து ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்கினால் ஒழுகாது, காற்று உள்ளே போக வழியில்லாததால் தண்ணீர் நின்றுவிடும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் நூல் மாதிரி இறங்கும். திண்ணைத் தூணில் கட்டிவிட்டு, பக்கத்தில் வெங்காயம் வாங்கிய வலைப்பையில் சோப்பைப் போட்டுத் தொங்கவிடுங்கள், கீழே ஒரு வாளி. மூடியை வருகிற ஆள் எல்லாம் தொடக் கூடாது, கடைப் பையனே திருகட்டும். கையை நனைக்கக் கொஞ்சம், கழுவிவிடக் கொஞ்சம், தேய்க்கிற 20 விநாடியும் மூடி இறுகி இருக்கட்டும். ஆளுக்கு ஒரு டம்ளர், மிஞ்சினால் ஒன்றரை. பிளீச்சிங் பவுடர் கரைத்து வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள், அது தரைக்கும் வாசற்படிக்கும்தான், கையில் பட்டால் எரியும்.

மஞ்சள், வேப்பிலை, வசம்பு போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கை கழுவினால் போதாதா? (கண்டனூர்)

வாசலில் தெளியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கைக்கு சோப்பு.

மகன் சென்னையிலிருந்து பெரிய பாட்டில் சானிடைசர் வாங்கி அனுப்பியிருக்கிறான். சாமி அறைக்குப் போகும் முன் போட்டுக்கொள்ளலாமா, சுத்தம்தானே? (பள்ளத்தூர்)

வேண்டாம் ஆச்சி. கை ஈரம் காயாமல் தீக்குச்சி உரசினால் பற்றிக்கொள்ளும், அந்தத் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. விளக்கேற்றப் போகும்போது, அடுப்படிக்குப் போகும்போது சோப்பும் தண்ணீரும்தான். பெரிய பாட்டிலிலிருந்து சின்னதில் ஊற்றி வைப்பதாக இருந்தால் பழைய தண்ணீர் பாட்டில் மட்டும் வேண்டாம், பேரப்பிள்ளைகள் லீவில் வீட்டில்தான் இருக்கிறார்கள், தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுவார்கள். மருந்து பாட்டிலில் ஊற்றி, மேலே பெரிதாக எழுதி ஒட்டி, அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.