மகனுக்கு லைம் நோயா, அப்பாவுக்கு உண்ணிக் காய்ச்சலா? எந்த டாக்டர்கிட்ட போகணும்?

அருமனை பக்கத்துலேருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. மகன் அமெரிக்காவுல கனெக்டிகட்ல வேலை பாக்கான், ஜூன் மாசம் காட்டுக்குள்ள ட்ரெக்கிங் போயிட்டு வந்து கொஞ்ச நாள்ல தொடையில பெரிய வட்டமா ஒரு சிவப்பு வந்துருக்கு, அரிப்பும் இல்ல வலியும் இல்ல, படர்தாமரைன்னு நெனச்சு ஆயின்மென்ட் போட்டான், அது தானா மறைஞ்சிட்டு. இப்போ ஓணம் லீவுக்கு வந்த எடத்துல வலது கால் முட்டு நல்லா வீங்கிக் கிடக்கு. உண்ணி கடிச்சு வர லைம் நோயா இருக்குமோன்னு அவனே தேடிப் பாத்து பயப்படுதான், நாகர்கோவில்ல இதுக்கு ஸ்பெஷலிஸ்ட் யாராவது உண்டா, இல்ல டிக்கெட்டை மாத்திட்டு திரும்பிப் போகணுமா? கூடவே, வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போறவர், அவரையும் உண்ணி கடிக்கத்தான் செய்யும், நாலு நாளா காய்ச்சலும் தலைவலியும், அவருக்கும் இதே டெஸ்ட் எடுக்கணுமா?

அக்கா, நீங்க கடைசியா கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லுதேன், ஏன்னா அதுதான் அவசரம். மகனோட முட்டு ரெண்டு நாள் பொறுக்கும், வீட்டுக்காரரோட காய்ச்சல் பொறுக்காது. அவருக்கு லைம் டெஸ்ட் வேண்டாம். விடியக்காலத்துல விளையில சருகும் புல்லும் மிதிச்சு வேலை பாக்க ஆளுக்கு, மழை பெய்ஞ்ச பொறவு நாலு நாள் காய்ச்சல்னா நான் மொதல்ல சந்தேகப்படது ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல்னு சொல்றது அதைத்தான். இது கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னப் பூச்சியோட குஞ்சு கடிச்சு வரது, மாட்டு மேலயும் நாய் மேலயும் தொங்குற உண்ணி வேற. கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்பு பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால அவருக்கே தெரியாது. கக்கம், தொடை இடுக்கு, வேட்டி கட்டுற இடுப்பு, காதுக்குப் பின்னாடி எல்லாம் நல்ல வெளிச்சத்துல நீங்க பாக்கணும், வெக்கப்பட்டா நடக்காது. பொருக்கு இல்லன்னா நோய் இல்லன்னும் சொல்ல முடியாது, எல்லாருக்கும் அது வராது.

இன்னைக்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்துல உள்ள ஒரு ஜெனரல் பிசிஷியன்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க, "ரப்பர் வெட்டுக்குப் போறவர்"னு வாயைத் தொறந்து சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தை பாதி டெஸ்டுக்குச் சமம். ஐஜிஎம் எலைசான்னு ஒரு ரத்த டெஸ்ட் உண்டு, ஆனா மொத வாரத்துல அது நெகட்டிவாவும் வரலாம், அதனால அனுபவம் உள்ள டாக்டர் சந்தேகம் வந்தவுடனே டாக்ஸிசைக்ளின்ங்க ஆன்டிபயாடிக் தொடங்கிருவார், வழக்கமா ஏழு நாள். நம்ம பக்கம் எலிக்காய்ச்சலும் டெங்குவும் உண்டு, அதையும் சேத்துப் பாப்பாங்க. மூச்சு வாங்குது, பேச்சு தடுமாறுது, மூத்திரம் குறையுது, கண்ணு மஞ்சளாவுதுன்னா வீட்டுல வச்சிருக்கக் கூடாது, நேரா அட்மிஷன். முத்தின கேஸுக்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேத்து நரம்பு வழியா குடுத்தா தனித்தனியா குடுக்கதை விட நல்லதுன்னு வேலூர் சிஎம்சி டாக்டர்கள் முன்ன நின்னு நம்ம நாட்டுலயே நடத்தின ஆராய்ச்சி 2023ல வந்துச்சு, அதனால இதுக்கு மருந்து இல்லையேன்னு யாரும் பயப்பட வேண்டாம், லேட் ஆகக் கூடாது, அவ்வளவுதான்.

இனி மகன். கனெக்டிகட்னு நீங்க எழுதினதைப் பாத்ததுமே எனக்கு பாதி சந்தேகம் வந்துட்டு, ஏன்னா லைம்ங்கதே அந்த மாநிலத்துல உள்ள ஊரோட பேரு. 1975 வாக்குல அந்த ஊர்லயும் சுத்துவட்டாரத்துலயும் பிள்ளைகளுக்கு கூட்டமா முட்டு வீக்கம் வந்தப்போதான் இதைத் துருவ ஆரம்பிச்சாங்க, பொறவு 1980கள்ல வில்லி பர்க்டார்ஃபர்ங்க விஞ்ஞானி உண்ணிக்குள்ள அந்தச் சுருள் கிருமியைக் கண்டுபிடிச்சார், அவர் பேரைச் சேத்து பொரேலியா பர்க்டார்ஃபெரின்னு வச்சாங்க. பரப்புறது ஐக்ஸோடெஸ் வகை உண்ணி, கசகசா அளவு குட்டியா இருக்கப்பவே கடிக்கும், பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல ஒட்டிக் கிடந்தாதான் கிருமி உள்ள போகும். கடிச்சு 3லேருந்து 30 நாளுக்குள்ள அந்த வட்டம் வரும், மெதுவா விரிஞ்சு 5 சென்டிமீட்டருக்கு மேல போகும். படத்துல காட்டுற மாதிரி நடுவுல புள்ளி, சுத்தி வளையம்னு எல்லாருக்கும் இருக்காது, நம்ம நெறத்துத் தோல்ல சிவப்பாவே தெரியாம கன்னிப்போன எடம் மாதிரி கருநீலமாவும் இருக்கலாம், அதனாலதான் படர்தாமரைன்னு ஏமாந்து போறது. மருந்து எடுக்காம விட்டா வட்டம் போயிரும், கிருமி போகாது. சில வாரமோ மாசமோ கழிச்சு முகம் ஒரு பக்கம் கோணலாம், நெஞ்சுத் துடிப்பு தடுமாறலாம், இல்ல உங்க மகனுக்கு வந்த மாதிரி பெரிய மூட்டு, அதுலயும் கால் முட்டு வீங்கலாம். அவன் சொல்ற கதை இதுக்கு அப்படியே பொருந்துது.

அப்போ டாக்டர் யாரு? லைம் ஸ்பெஷலிஸ்ட்னு போர்டு போட்ட ஆளைத் தேடாதீங்க, நம்ம ஜில்லாவுல மட்டும் இல்ல, எங்கயும் அப்படி ஒரு ஸ்பெஷாலிட்டி கெடையாது. எம்.டி. ஜெனரல் மெடிசின் படிச்ச ஒரு பிசிஷியன் போதும், கூட முட்டைப் பாக்க ஒரு ஆர்த்தோ டாக்டர். அதுக்கு மேல வேணும்னா இன்ஃபெக்ஷியஸ் டிசீஸ் டாக்டர், திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ்ல அந்தத் துறை உண்டு, வேலூர் சிஎம்சியிலயும் உண்டு. நம்மூர்ல டாக்டர் லைம் கேஸ் நேர்ல பாக்காம இருந்துருக்கலாம், இந்தியாவுல இது அபூர்வம், கேரளாவுல வயநாட்டுல கேஸ் வந்துருக்குன்னாலும் யாரும் தினமும் பாக்க நோய் கெடையாது. அதனால மகன் வாயாலயே முழுக் கதையும் வரணும்: எந்த மாநிலம், எந்த மாசம், காட்டுக்குள்ள போனது, வட்டம் வந்தது, எத்தனை நாள் இருந்துச்சு. தொடையில வந்ததை போன்ல படம் எடுத்து வச்சிருந்தா அது ரொம்ப உபயோகம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எடுக்காம இருக்காதுங்க, தேடச் சொல்லுங்க. அங்க உள்ள அவன் டாக்டருக்கும் மெசேஜ் போட்டு ஒரு லெட்டர் வாங்கலாம். டிக்கெட்டை மாத்த வேண்டாம்.

டெஸ்ட் ரெண்டு படி. மொதல்ல எலைசா, அது பாசிட்டிவ்னா வெஸ்டர்ன் பிளாட். பெரிய லேப்ல சாம்பிள் எடுத்து வெளியூருக்கு அனுப்புவாங்க, ரிசல்ட் வர நாளாகலாம். வட்டம் வந்த புதுசுல இந்த டெஸ்ட் பல பேருக்கு நெகட்டிவா வரும், ஆனா முட்டு வீங்குற கட்டத்துல ஐஜிஜி (கிருமி வந்து நாளானா ரத்தத்துல நிக்கிற எதிர்ப்புப் பொருள்) அனேகமா எல்லாருக்கும் பாசிட்டிவ்தான், அதனால இப்போ நெகட்டிவ் வந்தா லைமை விட்டுட்டு வேற காரணம் தேடணும். வெறும் ஐஜிஎம் (மொதல்ல உண்டாகுற எதிர்ப்புப் பொருள்) மட்டும் பாசிட்டிவ்னு ஒரு பேப்பரைக் காட்டினா நம்ப வேண்டாம், இத்தனை மாசம் கழிச்சு அதுக்கு மதிப்பு கெடையாது. முட்டுல உள்ள நீரையும் ஊசி போட்டு எடுத்துப் பாப்பாங்க, அது முக்கியம், ஏன்னா சீழ் வைக்கிற இன்ஃபெக்ஷனும் இப்படித்தான் வீங்கும். முட்டு கொதிக்குது, காய்ச்சல் அடிக்குது, கால் ஊனவே முடியலன்னா நான் மேல சொன்ன ரெண்டு நாள் கணக்கு செல்லாது, அன்னைக்கே ஆர்த்தோகிட்ட போகணும். இதெல்லாம் பாக்கதுக்கு முன்ன வலி போகட்டும்னு முட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போட விடாதீங்க, நம்ம ஊர்ல அது ரொம்ப சுலபமா நடந்துருது, எனக்கு அதுலதான் எரிச்சல். தலைசுத்தலோ படபடப்போ இருந்தா ஒரு இசிஜியும் எடுத்துக்கிடணும்.

மருந்து பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல, அப்பாவுக்குச் சொன்ன அதே டாக்ஸிசைக்ளின்தான், எல்லா மெடிக்கல் ஷாப்லயும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். முட்டு வீக்கத்துக்கு 100 மில்லிகிராம் காலையும் ராத்திரியும் 28 நாள், வட்டம் வந்தப்பவே பிடிச்சிருந்தா 10 நாள்லயே முடிஞ்சிருக்கும். ஆனா டாக்டர் எழுதின பொறவுதான், நீங்களா வாங்கிக் குடுத்துராதீங்க. சாப்பிட்ட பொறவு ஒரு டம்ளர் நெறைய தண்ணியோட முழுங்கணும், அரை மணி நேரம் படுக்கக் கூடாது, பாலும் சத்து மாத்திரையும் அல்சர் மருந்தும் கூடவே சேத்து எடுக்கக் கூடாது, வெயில்ல தோல் கருகும், முட்டம் கடற்கரைக்கு எல்லாம் இந்த லீவுல வேண்டாம். மாத்திரை முடிஞ்சாலும் வீக்கம் வத்த சில வாரம் ஆகலாம், குறையவே இல்லன்னா இன்னொரு கோர்ஸோ செஃப்ட்ரையாக்சோன் ஊசியோ டாக்டர் முடிவு பண்ணுவார்.

சில பேருக்கு ட்ரீட்மென்ட் முடிஞ்ச பொறவும் அசதியும் உடம்பு வலியும் மாசக்கணக்குல இருக்கும், அது உண்மைதான், நடிப்பு இல்ல, ஆனா அதுக்காக மாசக்கணக்குல ஆன்டிபயாடிக் ஏத்தினா பலன் இல்லன்னு நல்ல ஆராய்ச்சிகளே காட்டியாச்சு, பக்கவிளைவுதான் மிச்சம். "நாள்பட்ட லைம்"னு சொல்லி ஆறு மாசம் ட்ரிப்பு, ரத்தத்தைச் சுத்தம் பண்ற பேக்கேஜ்னு யாராவது பேசினா, பேசினவர் இங்க உள்ளவரோ அமெரிக்காவுல உள்ளவரோ, எழும்பி வந்துருங்க.

மத்தபடி இது ஒட்டுவாரொட்டி இல்ல, ஒரே வீட்டுல இருந்தோ ஒரே தட்டுல சாப்பிட்டோ வராது, பேரப்பிள்ளைகள் மாமாகூட தாராளமா வெளையாடலாம். ஆனா ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடியும் வரலாம். திரும்பிப் போன பொறவு காட்டுக்குப் போனா பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிட்டுப் போகட்டும், வந்ததும் குளிச்சு கால் முட்டுக்குப் பின்னாடியும் இடுப்பும் தலைமுடியும் தடவிப் பாக்கட்டும். உண்ணி ஒட்டியிருந்தா கூர்மையான ட்வீசரால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தீக்குச்சி எதுவும் கூடாது. எடுத்து 72 மணி நேரத்துக்குள்ள அங்க உள்ள டாக்டரைக் கூப்பிட்டா, கடி ஆபத்தானதுன்னு பட்டா டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் ஒரே ஒரு டோஸ் குடுப்பாங்க.