ஏப்ரலில் பார்த்த நிலம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

கிண்டியில் ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சிவில் படித்துவிட்டு, சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. முடித்தவன். தண்ணீருக்கு ஏதாவது செய்யலாம் என்றுதான் வந்தேன். இப்போது செய்வதெல்லாம் பழைய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைத் திறந்து, திட்டத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றுவதுதான். போன மாதம் தென்சென்னையில் ஓர் அடுக்குமாடித் திட்டம் வந்தது. கிராம வரைபடத்தில் நிலத்தின் குறுக்கே ஓர் ஓடை போகிறது. நேரில் போனால் ஒன்றும் இல்லை, சமதளம். அறிக்கையில் அதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "இல்லாத ஓடையை ஏன் தோண்டுகிறாய்?" என்றார் மேலாளர். துபாயில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரியில் சேர வேண்டும். வீட்டுக்கடனும் இருக்கிறது. ஒவ்வொரு அறிக்கையிலும் 'வளங்குன்றா வளர்ச்சி' என்று எழுதுகிறோமே, அது வெறும் அலங்காரம்தானா? நீங்கள் இந்த வேலையில் இருபத்தைந்து ஆண்டுகள் எப்படி இருந்தீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
மடிப்பாக்கம்

*

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருந்தேன் என்று கேட்கிறீர்கள். முதல் பத்து ஆண்டுகள் மோசமாக இருந்தேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, ஒரு ஏப்ரல் மாதம், பள்ளிக்கரணைக்குத் தெற்கே ஒரு நிலத்தைப் பார்க்க அனுப்பினார்கள். தொழிற்கூடம் வரப்போகிற இடம். கருவேலம், வெடித்த தரை, நாலைந்து ஆடுகள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "எதற்கம்மா அளக்கிறீர்கள்? கார்த்திகையில் இங்கே மாடு நீந்தும்" என்றார். சிரித்துக்கொண்டேன். அவர் சொன்னதை எழுத அறிக்கைப் படிவத்தில் இடம் இல்லை. 'திட்ட எல்லைக்குள் நீர்வழிகள் ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய்யும் அல்ல. ஏப்ரலில் அங்கே நீர்வழி இல்லைதான்.

2015 டிசம்பரில் அந்தத் தொழிற்கூடத்தின் மதில் பாதி உயரம் தண்ணீரில் நின்றது. நான் போய்ப் பார்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் கேட்கவே மாட்டார்கள், அதுதான் இதில் உள்ள ஆபத்து.

பிழை என்னுடையது மட்டும் என்று சொல்ல மாட்டேன். தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கான அடிப்படைத் தரவை மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் எடுத்தால் போதும் என்பது வழக்கம். சுரங்கத் திட்டங்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தந்திருக்கும் மாதிரி ஆய்வு வரையறையை, அதாவது அறிக்கையில் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற பட்டியலை, எடுத்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'மழைக்குப் பிந்தைய பருவம்' என்று அதில் இருக்கும். டெல்லியில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது சரி. நமக்கு அந்த மூன்று மாதம்தான் மழையே. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறதென்றால், அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஆனால் நம் ஊரில் பல அறிக்கைகளுக்கான நிலம் மார்ச்சிலும் மே மாதத்திலும் பார்க்கப்பட்டது. வெயிலில் பார்த்த நிலத்தில் மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே உங்கள் ஓடை இல்லாத ஓடை அல்ல, தம்பி. ஐப்பசி வரை காணாத ஓடை, அவ்வளவுதான்.

இந்த ஊரில் ஏரியை ஒழித்தவர்கள் பெயரை மட்டும் ஒழிக்க மறந்துவிட்டார்கள். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, கரை இருந்த இடம் அது. தியாகராய நகர் 1920களில் நீண்ட ஏரியின் படுகையில் எழுந்தது. முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்றே குடியிருப்புக்குப் பெயர் வைத்தார்கள், அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று தாங்கல் தாங்கலாகப் பஸ்ஸில் கடக்கிறோம். தாங்கல் என்றால் சிற்றேரி என்று பஸ்ஸில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி வேலைக்கு வருவோம். கிராம வரைபடத்தோடு நிற்காதீர்கள். அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தையும், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் எடுங்கள். பதிவேட்டில் 'ஓடை' அல்லது 'வாய்க்கால்' என்று புறம்போக்காக இருந்தால், அந்தப் பட்டை உங்கள் வாடிக்கையாளருடையதே அல்ல. அதை அறிக்கையில் மறைத்தால் பின்னால் மாட்டுவது அவர்தான். முழுக்கப் பட்டா என்று இருந்தால் சட்டம் ஒருவேளை உங்கள் மேலாளர் பக்கம் நிற்கும். தண்ணீர் அப்போதும் நிற்காது. மட்டக் கருவியை வைத்து அரை மீட்டர் இடைவெளியில் சமோச்சக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) போடுங்கள். மேல்புறம் எந்த ஏரியின் கலங்கலிலிருந்து உபரிநீர் வருகிறது, கீழ்ப்புறம் எங்கே போய்ச் சேருகிறது என்று நடந்து பாருங்கள். பக்கத்தில் நீர்கட்டியாக, ஏரி மடையைத் திறந்து மூடி வயலுக்குத் தண்ணீர் விடும் வேலை பார்த்த பெரியவர் யாராவது உயிரோடு இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். எந்த மென்பொருளும் அவருக்கு ஈடாகாது.

பிறகு அந்த ஓடையை எழுத்தில் வைத்து வாதாடாதீர்கள். வரைபடத்தில் நீலக் கோடாகப் போட்டுவிடுங்கள். பத்திகளை யாரும் படிப்பதில்லை, படத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. கட்டுநரிடம் பேசும்போது சூழலியல் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "ஐயா, உங்கள் கீழ்த்தளக் கார் நிறுத்தம் இந்தக் கோட்டின் மேல் வருகிறது" என்று மட்டும் சொல்லுங்கள். நான் வாயடித்து வென்ற வழக்குகள் மிகச் சில. கீழ்த்தளத்தைக் காட்டி வென்றவை அதைவிட அதிகம். எனக்கு இதில் பெருமை இல்லை. ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பவர் திட்டக்காரர்தான் என்ற ஏற்பாடு இருக்கும்வரை இப்படித்தான் நுழைய வேண்டும்.

'வளங்குன்றா வளர்ச்சி' அலங்காரமா என்றால், உங்கள் அலுவலகத்தில் அலங்காரம்தான். எல்லா அறிக்கைகளிலும் நகலெடுக்கப்படும் பத்திக்கு வேறு என்ன பெயர்? ஆனால் அந்தச் சொல் நம் நாட்டுச் சட்டத்தில் கால் ஊன்றியது பாலாற்றங்கரையிலிருந்து. வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டோடு சேர்த்து. கிணறு கெட்டுப்போன மக்கள் கொண்டுவந்த சொல் அது. நகலெடுக்கும்போது இதையாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

துபாய். போவதில் எந்தக் குற்றமும் இல்லை, கடன் இருக்கிறது என்கிறீர்கள். எனக்குக் கடல்நீர் ஆலைகள் மேல் பெரிய ஆசை கிடையாது. ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரத்தைத் தின்றுவிட்டு, உப்புக் கரைசலைக் கடலிலேயே துப்பும் சமாசாரம். ஆனாலும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அதற்குப் பிறகு நெம்மேலியில் இரண்டாவது ஆலையும் வந்துவிட்டது, பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டருக்கு ஒன்று எழும்புகிறது. அந்தக் கைத்தொழில் தெரிந்தவர் இங்கே வேண்டும். கற்றுக்கொண்டு வாருங்கள். வந்தபின் கழிவுநீர்ப் பக்கமும் ஒரு கண் வையுங்கள். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆலைகளுக்கு ஏற்றதாக மாற்றுகிறார்களே, எனக்குப் பிடித்த பொறியியல் அதுதான். மணலியின் பெரிய ஆலைகள் 1990களின் தொடக்கத்திலேயே கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. தொழிற்சாலை குடிக்கும் ஒவ்வொரு குடம் கழிவுநீரும் செங்குன்றம் ஏரியில் ஒரு குடத்தை மிச்சம் பிடிக்கிறது.

சேர வேண்டியது ஜனவரியில் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நடுவில் ஓர் ஐப்பசியும் ஒரு கார்த்திகையும் இருக்கின்றன. முதல் கனமழை நின்ற மறுநாள் காலை, அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அந்தச் சமதளத்துக்குப் போங்கள். முழங்கால் வரை சேறு ஏறும், மாற்று உடை எடுத்துப்போங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.