திரைக்கதை பாதியில் நிற்கிறதா? முதல் 15 பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: அப்பா இறந்தபின் அவர் நடத்திய சிறிய அச்சகத்தைக் காப்பாற்றப் போராடும் ஒரு பெண்ணைப் பற்றித் திரைக்கதை எழுதுகிறேன். அண்ணன் அதை விற்றுவிட நினைக்கிறான். 42 பக்கம் கடகடவென்று வந்தது. அதற்குமேல் ஒரு வரிகூட ஓடவில்லை. படித்த நண்பர்கள், "வசனம் நல்லாருக்கு, ஆனா ஒண்ணுமே நடக்கலையே" என்கிறார்கள். திரைக்கதையை முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது? வகுப்பில் சேர வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: எழுத்து நின்றது 42-ஆம் பக்கத்தில், கோளாறு இருப்பது பெரும்பாலும் முதல் 15 பக்கத்துக்குள். பாதியில் படுத்துவிடும் திரைக்கதைகள் பலவும் இப்படித்தான். அதனால் மேற்கொண்டு எழுதுவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, ஆரம்பத்துக்குப் போங்கள்.

'அச்சகத்தைக் காப்பாற்ற வேண்டும்' என்பது உங்கள் நாயகியின் ஆசை. காப்பாற்றிவிட்டாளா இல்லையா என்று பார்க்கிறவருக்கு எதை வைத்துத் தெரியும்? இதற்கு உங்களிடம் பதில் இல்லாததால்தான் அவள் 42 பக்கமும் வருந்துகிறாள், பழசை நினைக்கிறாள், பேசுகிறாள். அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். 30 நாளில் 5,000 புத்தகம் அச்சடித்துத் தர வேண்டிய ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். முடித்தால் கடன் தவணையைக் கட்டிவிடலாம். ஆனால் மிஷினைப் பழுது பார்க்கப் பணம் வேண்டும். பாதிப் பங்கு அண்ணன் பேரில் இருப்பதால், அவன் கையெழுத்து இல்லாமல் கடன் கிடைக்காது. இப்போது கதைக்கு ஒரு கெடு வந்துவிட்டது. அடுத்த காட்சியைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். அவள் கையெழுத்துக் கேட்டுப் போய்த்தான் ஆக வேண்டும்.

அண்ணன் வெறும் பேராசைக்காரன் என்றால் கதை மறுபடியும் படுத்துவிடும். அவன் திருந்துவதற்காகக் காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வழி இருக்காது. அப்பாவின் வைத்தியத்துக்குத் தன் பேரில் கடன் வாங்கி, இன்னும் கட்டிக்கொண்டிருப்பவன் அவன்தான் என்று ஆக்கிப் பாருங்கள். அவன் கேட்பதும் நியாயம், இவள் கேட்பதும் நியாயம். இரண்டும் ஒன்றாக நடக்க வழியில்லை. இரண்டாம் பாதிக்கான சரக்கு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

இனி காட்சி. ஒவ்வொரு காட்சிக்கும் எழுத உட்காருமுன் ஒரு துண்டுத் தாளில் மூன்று விஷயம் குறியுங்கள்: இங்கே யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. மூன்றாவது காலியாக இருந்தால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அந்தக் காட்சி போக வேண்டியதுதான். உங்கள் நண்பர்கள் 'ஒண்ணுமே நடக்கல' என்பது இதைத்தான்.

அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, "நான் விக்கப் போறேன்", "அப்பாவோட உயிரே இதுதான்" என்று பேசும் காட்சி எல்லோருடைய முதல் பிரதியிலும் இருக்கும். இரண்டு பேரும் மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவதால், பார்க்கிறவர் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

உள் – அச்சகம் – பகல்

மிஷின் ஓடுகிறது. கவிதா தாள்களைத் தட்டி அடுக்குகிறாள். வாசலில் அண்ணன், கூடவே டேப்போடு ஒருவர். அவர் சுவரை அளக்க ஆரம்பிக்கிறார்.

அண்ணன்: பின் ரூம் சாவி எங்க?
கவிதா: மிஷின் ஓடுது.
அண்ணன்: சாவியத்தான கேட்டேன்.
கவிதா: பாதியில விட்டா தாள் வீணாயிடும்.

டேப் அவள் காலருகே வந்து நிற்கிறது. அவள் நகரவில்லை.

விற்பது என்ற பேச்சே எழவில்லை. அப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சண்டை அங்கே இருக்கிறது, நடிகருக்குச் செய்ய வேலையும் இருக்கிறது. காட்சி விளக்கத்தில் 'கவிதா தன் பால்யத்தை எண்ணி ஏங்குகிறாள்' என்று எழுதுவதும் இதே தவறுதான். ஏக்கத்தைப் படம் பிடிக்க முடியாது. மை படிந்த அப்பாவின் மூக்குக்கண்ணாடியை அவள் துடைத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தால், அதைப் பிடிக்கலாம்.

கற்கும் முறை என்று கேட்டால், முதலில் படங்களைப் பிரித்துப் பாருங்கள். ஏற்கெனவே பார்த்த, உங்களுக்குப் பிடித்த படம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நிறுத்தி ஒரு வரி எழுதுங்கள்: நிமிடம், இடம், யார், என்ன மாறியது. இரண்டு மணி நேரப் படத்துக்கு சுமார் 50, 60 வரி வரும். அதுதான் அந்தப் படத்தின் சீன் ஆர்டர். முக்கியப் பாத்திரம் பின்வாங்க முடியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று கோடு போடுங்கள். மூன்று படத்துக்கு இதைச் செய்தபின் உங்கள் 42 பக்கத்தையும் அதே மாதிரி பிரியுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே குறை தெரிந்துவிடும்.

திரைக்கதைகளையும் படியுங்கள். ஒரு எச்சரிக்கை: வெளிவந்த படத்தைப் பார்த்து எழுதியெடுத்த பிரதிகளும் திரைக்கதை என்ற பெயரில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் நீங்கள் பார்ப்பது எடிட்டிங் முடிந்த பிறகு மிஞ்சியதை. படப்பிடிப்புக்கு முன் எழுதிய பிரதிதான் எழுத்தைக் கற்றுக்கொடுக்கும்.

வடிவத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று இரண்டு பத்தியாக எழுதுவதும் உண்டு. வசனத்தை நடுவில் வைப்பதும் உண்டு. எதை எடுத்தாலும் முதல் பக்கம் முதல் கடைசி வரை ஒன்றாக இருக்கட்டும். ஆனால் 'ஒரு பக்கம் என்றால் ஒரு நிமிடம்' என்ற கணக்கை நம்பி ஏமாறாதீர்கள். அது கூரியர் (Courier) என்ற எழுத்துருவில், 12 புள்ளி அளவில், ஆங்கிலத்தில், குறிப்பிட்ட ஓர இடைவெளிகளோடு அச்சிடும் பக்கத்துக்கான தோராயம். தமிழ் எழுத்துருக்களில் அகலம் மாறும், வார்த்தைகளும் நீளம். உங்கள் பிரதியை வாய்விட்டுப் படித்து, அசைவுகளுக்கும் நேரம் விட்டு, கடிகாரத்தை வைத்து அளந்துகொள்ளுங்கள். கேமரா கோணங்களை எழுத வேண்டாம். அது இயக்குநர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

வகுப்பு? கெடுவும், எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்ல ஆட்களும் கிடைப்பார்கள் என்றால் சேரலாம். அந்த இரண்டும் இல்லாமல் வெறும் விரிவுரை என்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். சேர்ந்தாலும் சேராவிட்டாலும், முழுநீளக் கதைக்குத் திரும்புமுன் ஐந்து நிமிடக் குறும்படத்துக்கான திரைக்கதை குறைந்தது மூன்று எழுதி முடியுங்கள். ஒன்றில் வசனமே இருக்கக் கூடாது. முடிவு என்பதை எழுதிப் பழகாதவர்களுக்கு நடுப்பகுதியும் வராது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியாததால்தான் அவர்கள் நடுவழியில் நிற்கிறார்கள்.

திருத்தும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரி செய்யப் பார்க்காதீர்கள். ஒரு சுற்றில் ஒரு விஷயம். முதல் சுற்றில், ஒவ்வொரு காட்சியிலும் ஆரம்ப இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் அடித்துவிட்டுப் படியுங்கள். "வா, உட்காரு, காபி சாப்பிடறியா" எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்த சுற்றில், வசனத்துக்கு மேலுள்ள பெயர்களை மறைத்துவிட்டு, யார் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் எல்லோரும் உங்கள் குரலில் பேசுகிறார்கள் என்று அர்த்தம். தற்செயலாக நடக்கும் ஒரு விஷயம் நாயகியைச் சிக்கலில் மாட்டிவிடலாம். சிக்கலிலிருந்து விடுவிக்கக் கூடாது. அதற்காகவும் ஒரு சுற்று போய் வாருங்கள்.

கடைசியாக, நான்கு பேரைக் கூப்பிட்டுப் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படிக்க வேண்டாம்; விளக்கமும் சொல்ல வேண்டாம். கையில் பிரதியையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு, கேட்கிறவர் ஃபோனை எடுக்கும் இடத்திலெல்லாம் ஒரு கோடு போடுங்கள். திருத்தத்தை அந்தக் கோடுகளுக்கு இரண்டு காட்சி முன்னாலிருந்து தொடங்குங்கள்.