வெளியே வர வழி இருக்கிறதா?

கேள்வி: எங்கள் நூலக மென்பொருளின் ஆண்டுக் கட்டணத்தை மறுபடி ஏற்றிவிட்டார்கள். கோஹா என்ற இலவச நூலக மென்பொருளுக்கு மாறலாம் என்கிறார் உதவியாளர். சும்மா கிடைப்பதை நம்பலாமா?

பதில்: நம்பலாம். அதைச் செய்யச் சொன்னதே ஒரு நூலகம்தான். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகத்தாரின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டின் தேதிகளைத் தாங்காது என்ற நிலை. 1999-இல் புதிதாக எழுதவைத்து, 2000 ஜனவரியில் ஓட்டத் தொடங்கினார்கள். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் ஊருக்கே கொடுத்தும் விட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை.

ஆனால் உரிமக் கட்டணம் மட்டும்தான் இல்லை. செர்வருக்கும் பேக்கப்புக்கும், பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் செலவு உண்டு. இதை மறைத்துப் பேசும் ஆர்வலர்களால்தான் நல்ல மென்பொருளுக்குக் கெட்ட பெயர்.

முதலில் இப்போதைய கம்பெனியிடம் உங்கள் நூற்பட்டியலை, நூலக மென்பொருள்களுக்குப் பொதுவான மார்க் 21 வடிவக் கோப்பாகக் கேளுங்கள். 'தர முடியாது' என்றாலோ 'அதற்குத் தனிக் கட்டணம்' என்றாலோ, உங்கள் பட்டியல் உங்கள் கையில் இல்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில் எனக்கு வயிறு எரியும். பல வருடம் முன்பு தமிழில் அடிக்க ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். கூடவே ஒரு டாங்கிள். பிரிண்டர் செருகும் போர்ட்டில் அதை மாட்டினால்தான் திறக்கும். எழுத்துருவும் அவர்களுடையதே, எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் குறியேற்றமும் அவர்களுடையதே. இன்றைய கணினியில் அந்தப் போர்ட்டே கிடையாது. பழைய கோப்பைத் திறந்தால், 'அம்மா' இருந்த இடத்தில் நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியும் முழிக்கின்றன. நான் எழுதியதை நானே படிக்க முடியவில்லை. டாங்கிள் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை. அதனால்தான் மென்பொருள் கேட்டு வரும் பள்ளிக்கும் நூலகத்துக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோட்) அடியுங்கள், ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவில் சேமியுங்கள் என்று நச்சரிக்கிறேன். ஓடிஎஃப் 2006-இலிருந்து ஐஎஸ்ஓ என்னும் சர்வதேசத் தர அமைப்பின் தரம். அதன் விவரக்குறிப்பு பொதுவில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் அதைத் திறக்கும் நிரல் எழுதலாம்.

கேள்வி: பள்ளிக் கணினிகளில் கடிதம், கணக்கு அடிக்கும் லிப்ரே ஆபிஸ் மென்பொருளைப் போட்டுத் தந்தவர், கணினிக்கு இவ்வளவு என்று 'ஆண்டு உரிமத் தொகை' வாங்கிப் போனார். அது இலவசம் என்று இப்போதுதான் தெரிகிறது.

பதில்: வருத்தமாக இருக்கிறது. கூசிப்போக வேண்டியவர் நீங்கள் இல்லை, அவர். நிறுவித் தந்ததற்குக் கூலி கேட்கலாம், சிடியில் போட்டு விற்கக்கூடத் தடையில்லை. இல்லாத உரிமத்துக்குக் காசு வாங்கியது ஏமாற்று வேலை. ரசீதில் 'உரிமம்' என்ற சொல் இருந்தால் அதுவே சாட்சி. நகலை இணைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மென்பொருளை நீக்க வேண்டாம். அடுத்த ஆண்டு பணம் கட்டாவிட்டாலும் அது ஓடும்.

கேள்வி: பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கும் ஆபிஸில் பழகினால்தானே நாளை வேலை கிடைக்கும்?

பதில்: மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2003-இன் மெனுவை மனப்பாடம் செய்தவர்கள், 2007 பதிப்பில் மெனுவுக்குப் பதில் ரிப்பன் என்ற பட்டன் பட்டை வந்ததும் 'பிரிண்ட்' எங்கே என்று தேடினார்கள். கூட்டல் சூத்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கற்றவன் எதிலும் போடுவான்.

கேள்வி: கிராக் செய்த காப்பியும் இலவசம்தானே?

பதில்: திருட்டு. வைரஸ் மட்டும்தான் இலவசம்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. எங்கள் ஆய்வகக் கணினிகள் 11-ஐ ஏற்கவில்லை. எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் விற்பனையாளர்.

பதில்: அவர் வேறென்ன சொல்வார்? விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், ஸ்கேனர் மூன்றும் வேலை செய்கிறதா என்று ஒரு வாரம் சோதித்த பிறகு மற்றக் கணினிகளில் கை வையுங்கள். நான் சோதிக்காமல் வாங்கிய ஸ்கேனர், டாங்கிளுக்குத் துணையாக அதே டிராயரில்.

கேள்வி: மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்திட்டோம். முதல் மாதமே பிடிக்கவில்லை.

பதில்: இப்போதாவது படியுங்கள். 'தானாகப் புதுப்பிக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தால், நிறுத்த எத்தனை நாள் முன்பு எழுத வேண்டும் என்று பார்த்து, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.