காரின் பின்பெட்டியில் அடங்கும் கத்திப் பட்டறை: கேள்வி பதில்

வீட்டில் கத்தி செய்யத் தொடங்குபவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நான் பட்டர்வொர்த்தில் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவன். இப்போது கார் போர்ச்சில் சமையல் கத்திகள் செய்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்ததற்கு நீளமாகவும் மற்றதற்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

செந்தூலிலிருந்து: அண்ணே, நான் இருப்பது 14ஆவது மாடியில், வாடகை ஃபிளாட். பால்கனிகூட இல்லை. அடுத்த வருஷம் வீடு மாறலாம். இங்கே கத்தி செய்ய முடியுமா?

முடியும் தம்பி. வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அரம் பிடிப்பது, தேய்ப்பது, பிடி போடுவது எல்லாம் ஃபிளாட்டுக்குள். நெருப்பும் தூசியும் வெளியே, தரைவீடு உள்ள நண்பர் வீட்டில் அரை நாள்.

ஃபிளாட்டுக்கு வேண்டியது ஒரு பலகை. 18 மிமீ பிளைவுட், இரண்டடி நீளம், எட்டு அங்குல அகலம். அதில் நான்கு அங்குல வைஸை (தகட்டை இறுக்கிப் பிடிக்கும் கருவி) போல்ட் போட்டு இறுக்குங்கள். மடக்கும் மேசைமேல் வைத்து இரண்டு ஜி கிளாம்ப்பால் பிடித்தால் பட்டறை, கழற்றினால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மேசைக் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் பாய் போடுங்கள். கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்பது அரத்தின் சத்தமல்ல, தரை வழியாக இறங்கும் அதிர்வு.

அதே அளவில் இன்னொரு பலகையை அரச் சட்டமாக்குங்கள். ஒரு முனையில் கத்தித் தகட்டைச் சின்னக் கட்டைமேல் இறுக்குங்கள். மறுமுனையில் நீளமான போல்ட்டை நிமிர்த்தி, அதில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு வளையம். அரத்தோடு ஒரு நீளக் கம்பியைக் கட்டி வளையத்துக்குள் விட்டால், எத்தனை முறை தள்ளினாலும் கோணம் மாறாது. வளையத்துக்கும் தகட்டுக்கும் தூரம் 40 செமீ, உயர வித்தியாசம் 4 செமீ என்றால் கோணம் 6 பாகைக்குச் சற்றுக் குறைவு. 3 மிமீ தகட்டில் இரண்டு பக்கமும் தேய்த்து, விளிம்பை அரை மிமீ தடிப்பு விட்டு நிறுத்தினால் சாய்வு சுமார் 12 மிமீ உயரம் வரும். வளையத்தை 2.5 செமீக்கு இறக்கினால் அதுவே 20 மிமீ, சமையல் கத்திக்கு அதுதான் நல்லது. பெல்ட் கிரைண்டரில் (ஓடும் உரசு பெல்ட்டில் இரும்பைத் தேய்க்கும் மெஷின்) ஒரு நொடி கை நழுவினால் தகடு போச்சு. இதில் கெடுப்பதற்கே நேரம் எடுக்கும்.

இரும்புப் பொடியை வாயால் ஊதாதீர்கள். கீழே ஈரச் செய்தித்தாளை விரித்து, முடிந்ததும் சுருட்டி எடுங்கள். மாஸ்க் போடுங்கள். அரம்தானே என்று விடாதீர்கள்.

செராஸிலிருந்து: 1,500 ரிங்கிட் வைத்திருக்கிறேன். எந்த பெல்ட் கிரைண்டர் வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். முதல் கத்திகளை அரத்தில் செய்யுங்கள். இரண்டு நல்ல அரம் (ஒன்று முரடு, ஒன்று நைஸ்), ஹேக்ஸா, வைஸ், பேட்டரி டிரில், மாஸ்க், கண்ணாடி போதும். கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் பக்கம் ஒரு நாள் நடந்தாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். மிச்சப் பணத்தை நல்ல இரும்புக்கு வையுங்கள். பிறகு மெஷின் வாங்கும்போது 2 x 72 அங்குல பெல்ட் அளவு பாருங்கள், கத்திக்காரர்களுக்கான பெல்ட் வகைகள் அந்த அளவில்தான் அதிகம். அமெரிக்காவிலிருந்து தருவித்தால் மோட்டார் 110 வோல்ட்டாக இருக்கலாம். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: அண்ணா, பதம் போடுவதுதான் பயமாக இருக்கிறது. அவன் அடுப்பு (oven) இல்லாமல் முடியுமா? எந்த எண்ணெய்?

தங்கச்சி, பதம் போடுவது என்றால் இரும்பைச் சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்குவது. முதல் இரும்பாக 1084 என்ற கார்பன் இரும்பு வகையை எடுங்கள். அதில் கார்பன் சுமார் 0.84 சதவீதம். பிடிக்கான ஓட்டைகளை எல்லாம் முதலிலேயே போட்டுவிடுங்கள். பதம் போட்டபின் டிரில் பிட் வழுக்கும், இரும்பில் இறங்காது.

லேசான நெருப்புச் செங்கல் இரண்டை ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் குடைந்து, பக்கத்தில் ஒரு துளை வழியாகப் புரொப்பேன் டார்ச்சை விட்டால் சின்ன உலை தயார். தகட்டைச் சீராகச் சூடேற்றிக் காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். சுமார் 770 பாகை செல்சியஸில் காந்தம் ஒட்டாது. அங்கேயே நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் பிரகாசமாகட்டும், 815 பாகைதான் இலக்கு. வெயிலில் நிறம் தெரியாது, சாயங்காலம் நிழலில் செய்யுங்கள்.

எண்ணெய் கனோலா, சுமார் 50 பாகைக்குச் சூடாக்கியது. நுனி கீழாகச் செங்குத்தாக முக்கி, முன்னும் பின்னும் மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளைந்துவிடும். ஆறியதும் அரத்தை விளிம்பில் உரசுங்கள், வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது. இந்த நிலையில் கீழே விழுந்தால் உடையும். அதனால் அன்றைக்கே வீட்டு அவனில் 200 பாகையில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். இப்படி உடையாத பதத்துக்குக் கொண்டுவருவதுதான் டெம்பர். அவனின் முள்ளை நம்பாதீர்கள், தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். ஆக, அவன் டெம்பருக்கு மட்டும்தான். பதம் போட நெருப்பு வேண்டும், அதை ஃபிளாட்டுக்குள் செய்யவே கூடாது.

எண்ணெய்ப் பாத்திரம் இரும்பாக, மூடியோடு இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடி போடுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது. பழைய எஞ்சின் எண்ணெயை யார் சொன்னாலும் தொடாதீர்கள். அதன் புகை நுரையீரலுக்குப் போகும், சமையல் கத்தியில் அந்த அழுக்கு எதற்கு?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து: தம்பி, நான் தோட்டத்தில் வளர்ந்தவன். லோரி ஸ்பிரிங்கில்தான் பாராங் (பெரிய வெட்டுக்கத்தி) அடித்தார்கள், இன்றைக்கும் வெட்டுகிறது. சும்மா கிடைப்பதை விட்டுவிட்டுப் பிள்ளைகளை ஏன் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறீர்கள்?

ஐயா, அந்தப் பாராங் நல்ல பாராங் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஜப்பான் லோரிகளின் ஸ்பிரிங்கில் எஸ்யூபி9 போன்ற இரும்பு உண்டு. அதில் கார்பன் 0.52 முதல் 0.60 வரை, கொஞ்சம் குரோமியமும் இருக்கும். அடி தாங்கும், சில்லு போகாது. பாராங்குக்கு அது பொருத்தமான இரும்பு.

ஆனால் அதை அடித்தவர்களிடம் உலை இருந்தது, பட்டடைக்கல் இருந்தது, நாள் முழுக்கச் சூட்டின் நிறம் பார்த்துப் பழகிய கண் இருந்தது. ஸ்பிரிங் தகடு பெரும்பாலும் 6 மிமீக்கு மேல், வளைந்து வேறு இருக்கும். ஃபிளாட்டில் அரத்தோடு உட்காரும் பிள்ளை அதை 3 மிமீ சமையல் கத்தியாக்க எத்தனை மாதம் ஆகும்?

செராஸ்காரர் மறுபடி: ஐயா சொல்வதுதான் சரி. காசு மிச்சம்.

சுங்கை பூலோவிலிருந்து: வெட்டினால் போதாதா? என்ன இரும்பென்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த கத்தியும் வெட்ட வேண்டுமென்றால் தெரிந்திருக்க வேண்டும். பதம் ஏறவில்லை என்றால் காரணம் சூடா, எண்ணெயா, இரும்பா? மூன்றும் தெரியாதபோது கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. இரும்பு தெரிந்தால் தேட இரண்டுதான் பாக்கி. இன்னொன்று, வருஷக்கணக்கில் பாரம் சுமந்த ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். மினுக்கத் தேய்த்து முடித்த பிறகு அது வெளியே வந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

புக்கிட் மெர்தாஜாம் ஐயா: சோதித்துப் பார்த்து எடுக்கலாமே. அந்தக் காலத்தில் உடைத்துப் பார்ப்பார்கள்.

உண்மை ஐயா, அது நல்ல வழி. ஸ்பிரிங்கிலிருந்து ஒரு விரல் அளவு துண்டு வெட்டுங்கள். காந்தம் விட்ட பிறகு இன்னும் கொஞ்சம் சூடாக்கி எண்ணெயில் முக்குங்கள். அரம் வழுக்குகிறதா பாருங்கள். பிறகு வைஸில் பிடித்து, துணியால் மூடி, கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் உடையுங்கள். உடைந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் நைஸாக இருந்தால் சரி. சர்க்கரைபோல் மினுமினுத்தால் அதிகச் சூடு. உலை வைத்திருப்பவர்கள், பாராங் அடிக்க ஆசைப்படுபவர்கள் ஐயா சொல்வதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஃபிளாட்டில் தொடங்குபவர்களுக்கு என் பதில் மாறாது: 3 மிமீ தடிப்பில் 1084.

ஒரே எச்சரிக்கை: வெள்ளி நிறத் துத்தநாகப் பூச்சு உள்ள எந்த இரும்பையும் உலையில் வைக்காதீர்கள். அந்தப் புகை ஆளைக் காய்ச்சலில் படுக்கப் போடும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: பெல்ட் கிரைண்டர் சின்னதாக எது நல்லது?

மேலே சொல்லிவிட்டேன்.

கிள்ளானிலிருந்து: நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. மூடியைக் கழற்றிப் பெரிய டிஸ்க் போடலாமா?

கூடாது. சின்ன கிரைண்டரின் வேகத்தைப் பெரிய டிஸ்க் தாங்காது, டிஸ்க் சிதறினால் முகத்துக்கு வரும். மூடி கழற்றிய கிரைண்டரைப் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம். அப்புறம், அதை ஃபிளாட்டில் ஓட்டாதீர்கள். அடுக்குமாடி விதிகளில் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தரக் கூடாது என்று இருக்கிறது. நிர்வாகம் வந்து கதவைத் தட்டினால் அரம் பிடிக்கும் உரிமையும் போய்விடும்.

பாயான் லெப்பாஸிலிருந்து: பிடிக்கு உள்ளூர் மரம் எது? ரெங்காஸ் துண்டு ஒன்று கிடைத்தது, சிவப்பாக அழகாக இருக்கிறது.

ரெங்காஸை வீட்டுக்குள் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், தூசியும் சிலருக்கு அதே வேலையைச் செய்யும். அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். செங்கால் நல்ல கனமான மரம், ஈரம் தாங்கும். மெர்பாவ் நனைந்தால் சாயம் விடும், சமையல் கத்திக்கு யோசித்துப் போடுங்கள். எந்த மரமானாலும் மாஸ்க். தாடி வைத்திருப்பவர்களுக்கு மாஸ்க் ஓரத்தில் காற்று புகும், அதையும் கவனியுங்கள். முடிந்தவரை தண்ணீர் தொட்டு சேண்ட் பேப்பரில் தேய்த்தால் தூசியே கிளம்பாது.

ஜெலுத்தோங்கிலிருந்து: டமாஸ்கஸ் (அலை அலையாகக் கோடு தெரியும் அடுக்கு இரும்பு) எப்படிச் செய்வது?

இங்கே வேண்டாம். உலையும் சம்மட்டியும் வைத்திருப்பவரிடம் நேரில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

ஈப்போவிலிருந்து: மடக்குக் கத்தி? சட்டப் பிரச்சினை வருமா? மெஷின் எது?

மடக்குக் கத்தி பிறகு, முதலில் மடக்காதது. பொத்தான் அழுத்தினால் பாயும் கத்தி பக்கமே போகாதீர்கள். 1958ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டத்தின் கீழ் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதத்தோடு இருப்பதே குற்றம். நண்பர் வீட்டுக்குப் பதம் போட எடுத்துப் போகும்போது கூர் தீட்டாத தகடாக, துணியில் சுற்றி, பெட்டியில் பூட்டிக் காரின் பின்பெட்டியில் வையுங்கள். கூர் தீட்டுவது கடைசி வேலை, வீட்டில். மெஷின் கேள்விக்கு மூன்றாவது முறையாகப் பதில் சொல்ல மாட்டேன்.

செந்தூல் தம்பி மறுபடி: இரண்டு நாளில் தகட்டில் துரு வந்துவிட்டது அண்ணே. நல்லெண்ணெய் பூசியிருந்தேன்.

நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். வேலை நடக்கும் தகட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் பூசுங்கள். முடிந்த சமையல் கத்திக்கு உணவுக்கேற்ற மினரல் ஆயில். நம் ஊர் ஈரக் காற்றில் கைவியர்வையே போதும் துருப்பிடிக்க, தொட்டால் துடைத்துவிட்டு வையுங்கள். அரங்களையும் தகட்டையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். அரங்கள் ஒன்றோடொன்று உரசாமல் துணி சுற்றுங்கள். இப்போது வந்திருப்பது மேல்துருதான், 220 நம்பர் பேப்பரில் போய்விடும்.