வாத்துக் குஞ்சுகளின் கால் வளைவதற்குக் கால்சியம் கொடுக்கலாமா?

கோழிக்குஞ்சுத் தீவனத்தில் வளரும் வாத்துக் குஞ்சுகள் இரண்டாம் வாரத்தில் நொண்டத் தொடங்கினால், பெரும்பாலும் குறைவது கால்சியம் அன்று, நயாசின் என்னும் பி3 வைட்டமின்தான். புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நயாசினை உருவாக்கிக்கொள்ளும் திறன் கோழியைவிட வாத்துக்குக் குறைவு என்பதால், கிலோ தீவனத்தில் ஏறத்தாழ 55 மில்லிகிராம் அதற்குத் தேவைப்படுகிறது. கோழிக்குஞ்சுக்கு அதில் பாதியளவே போதும். மக்காச்சோளத்திலுள்ள நயாசினோ பெரும்பகுதி செரிமானத்துக்கு எட்டாத வடிவில் இருக்கிறது.

குஞ்சு இரண்டடி நடந்து உட்கார்வதும், கணுக்கால் மூட்டு வீங்கி, கால்கள் வில்லாக வளைவதும் அறிகுறிகள். கிலோ தீவனத்துக்குச் சுமார் 50 கிராம் உலர்ந்த புரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்) தூளை, ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நீர் தெளித்துப் பிசறிக் கொடுங்கள். ரொட்டிக்கான உயிருள்ள ஈஸ்ட் இதற்கு மாற்றாகாது. தொடக்கத்திலேயே கொடுத்தால் சில நாள்களில் நடை தேறும். தசைநாண் மூட்டிலிருந்து விலகிவிட்டாலோ வைட்டமினால் மட்டும் அது திரும்பாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்கு வைக்கவே கூடாது, அதிலுள்ள மிகுதியான கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடலைப் புண்ணாக்கு நல்ல நயாசின் மூலம்தான் என்றாலும், பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினை வாத்துக் குஞ்சு சிறிதும் தாங்காது. பூசண வாடை லேசாக அடித்தாலும் ஒதுக்கிவிடுங்கள். தரையில் செய்தித்தாள் விரிப்பவர்கள் அதை எடுத்துவிட்டுச் சாக்கு விரிக்கட்டும், வழுக்கும் தரையிலும் கால்கள் அகன்றுபோகும்.